கிருபை என்னும் சொல்

கிறிஸ்தவ நூல்களில் அடிக்கடி வரும் 'கிருபை' என்ற சொல்லை நாம் பெரும்பாலும் இரக்கம் என்றே பொருள் கொள்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. உரிய தண்டனையை விலக்குவது இரக்கம். தகுதியற்றவனுக்கும் நன்மையை வழங்குவது கிருபை.

மூலத்திலுள்ள கிரேக்கச் சொல் 'காரிஸ்'. கொடுப்பவரின் தயவு, கொடுக்கப்படும் கொடை, பெறுபவரின் நன்றி ஆகிய மூன்றும் அதில் அடங்கும். ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் அதனைக் கூலியினின்று பிரித்துக் காட்டுகிறார். உழைத்தவனுக்குக் கூலி கொடுப்பது கடன். கிருபையோ எவரும் உரிமை கொண்டாட இயலாத கொடை.

அங்ஙனமாயின் மனித முயற்சிக்கு இடம் எது? இவ்வினாவே அகஸ்டீனையும் பெலாகியுசையும் எதிரெதிரே நிறுத்தியது. 418-இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாகியுசின் கொள்கையைக் கண்டித்தது. 16-ஆம் நூற்றாண்டில் மேலைத் திருச்சபை பிளவுற்றபோதும் இவ்வினா நடுவில் நின்றது. 1999-இல் ஆக்ஸ்பர்க் நகரில்தான் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும், மனிதன் கடவுளால் ஏற்கப்படுவது தன் தகுதியால் அன்று, கிருபையாலேயே என்று ஒருங்கே கையொப்பமிட்டனர்.

தமிழில் பழைய மொழிபெயர்ப்பு 'கிருபை' என்றது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் 'அருள்' என்கிறது. வடக்கே வாழும் நம்மவர் இந்தி வேதாகமத்தில் 'அனுக்கிரகம்' என்று கேட்பர். சொல் எதுவாயினும், அது கூலியன்று, கொடை என்பதை மனத்திற் கொள்வோமாக.