காங்கேசன்துறை யாருக்காக மீள்கிறது?



காங்கேசன்துறை பெரும் பட்டினமன்று. ஆயினும் துறைமுகமும் புகையிரத நிலையமும் பெருந் தொழிற்சாலையும் அருகருகே அமையப்பெற்ற ஊர் அது. தெற்கிலிருந்து வந்த வடபகுதிப் புகையிரதப் பாதை 1905ஆம் ஆண்டில் முழுமை பெற்றபோது, அதன் கடைசி நிலையம் இக்கடலோரத்திலேயே அமைந்தது.

1950ஆம் ஆண்டில் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது. அப்போது கைத்தொழில் அமைச்சராயிருந்தவர் திரு. ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்கள். அவருடைய அரசியலோடு எமக்கு எத்தனை வழக்கிருப்பினும், இதனை மறைத்தல் தகாது. சுண்ணக்கல் காலடியிலேயே கிடந்தது. களிமண் முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்தது. கல்லை வெட்டியோரும் சூளையைக் காத்தோரும் கணக்கெழுதியோரும் பெற்ற சம்பளத்தால் சுற்றியிருந்த கடைகள் பிழைத்தன.

1990ஆம் ஆண்டு யுத்தம் அனைத்தையும் நிறுத்திற்று. வலிகாமம் வடக்கு மக்கள் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வெளியேறினர். அவர்களுடைய காணிகளை உயர் பாதுகாப்பு வலயம் விழுங்கிற்று. 2009இல் யுத்தம் முடிந்தது. 2015இல் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறைக்கு வந்தது. 2023இல் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலும் வந்தது. காணிகளோ துண்டு துண்டாகவே விடுவிக்கப்பட்டன. இன்றும் வேலிக்கு வெளியே உறுதியோடு காத்து நிற்போர் உளர். கப்பலுக்குத் திறந்த வழி காணிக்காரனுக்கு ஏன் திறக்கவில்லை?

இனித் தொழிலைப் பற்றிச் சொல்வோம். எமது இளைஞருக்கு வேலை வேண்டும். அதில் இரண்டாவது பேச்சில்லை. ஆனால் சீமெந்துக்கென மீண்டும் கல்லகழ்வோம் என்பாரிடம் கமக்காரர் ஒரு கேள்வி கேட்டேயாக வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஏதுமில்லை. மாரி மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. அந்த மெல்லிய நன்னீர்ப் படையே எமது கிணறு. அதுவே எமது வெங்காயமும் புகையிலையும். கடலுக்கருகே கல்லை ஆழத் தோண்டுந்தோறும் உவர்நீர் உள்ளே வர வழி அகலும். பழைய அகழிகள் இன்னும் வாய் பிளந்தே கிடக்கின்றன. வேண்டியோர் நேரிற் சென்று பார்க்கலாம்.

ஆகவே நாம் கேட்பது இதுவே. எஞ்சிய காணிகள் முதலில் உரியவரிடம் ஒப்படைக்கப்படட்டும். எந்தத் தொழிற்சாலைக்கும் கையொப்பமிடுமுன், சுற்றியுள்ள கிணறுகளின் நீரை மாரியிலும் கோடையிலும் சோதித்து, முடிவைத் தமிழில் அச்சிட்டு அவ்வூர் மக்கள் முன் வைக்கட்டும். இக்கூட்டத்திலுள்ள பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் அம்முடிவை வாசித்து, கமக்காரருக்கு விளக்கிச் சொல்லும் பொறுப்பை இன்றே ஏற்கவேண்டும்.