விளம்பர வேகமும் கடைமடை வேகமும்

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

எந்தக் கம்பெனி சிம் நல்லது? ஆலை வாசலிலும் டீக்கடையிலும் தினசரி நடக்கும் வாதம் இது. ஒருவர் ஜியோ என்கிறார், ஒருவர் ஏர்டெல் என்கிறார். வோடபோன் ஐடியாவுக்கும் பி.எஸ்.என்.எல்.லுக்கும் ஆள் உண்டு. வாதம் முடிவதில்லை. ஏனென்றால் அவரவர் தெருவில் அவரவர் சொல்வது உண்மை!

இது பொழுதுபோக்கு விஷயமல்ல. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைத் தளங்களில் தினம் இருமுறை செல்போனில் படமெடுத்து வருகை பதிவதை மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியது. வெயிலில் மண் வெட்டியது கண்கூடு. ஆனால் படம் ஏறாவிட்டால் கூலிக்கு அலைச்சல். ரேஷன் கடைக் கைரேகைக் கருவிக்கும் சிக்னல்தான் உயிர்.

காசோ ஏறிக்கொண்டே போகிறது. 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் ஒரே வாரத்தில் கட்டணத்தை உயர்த்தின. ஜியோவில் 155 ரூபாய்த் திட்டம் 189 ஆயிற்று. ஏர்டெல்லிலும் வோடபோன் ஐடியாவிலும் 179 ரூபாய் 199 ஆயிற்று. கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பது நம் உரிமை.

"சராசரி வேகம்" என்று விளம்பரம் வருகிறது. பத்துப் பேரில் ஒருவருக்கு 100 மெகாபிட், ஒன்பது பேருக்குத் தலா 2 மெகாபிட் என்று வையுங்கள். சராசரி 11.8! அந்த வேகத்தைப் பத்துப் பேரில் ஒருவரும் கண்டதில்லை.

டவர் என்பது வாய்க்கால் மாதிரி. உள்ள தண்ணீரைத்தான் எல்லா வயலும் பங்கிட வேண்டும். இரவு எட்டு மணிக்கு ஊரே போனைத் திறந்தால் ஆளுக்குக் கிடைப்பது குறையும். டவரிலிருந்து தள்ளியிருப்பவர் கடைமடைக்காரர். அதிவேக 5ஜி அலைகளில் முக்கியமான 3300 மெகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகாது, சுவரைத் துளைக்கத் திணறும். 700, 900 போன்ற தாழ்ந்த அலைகள் தூரம் போகும். ஆனால் வேகம் மட்டு.

பி.எஸ்.என்.எல். 2024 ஜூலையில் கட்டணத்தை ஏற்றவில்லை. பொதுத்துறை என்பதற்காக அதன் குறையை மறைக்க வேண்டாம். தனியார் 5ஜி 2022 அக்டோபரிலேயே வந்துவிட்டது, பி.எஸ்.என்.எல்.லின் உள்நாட்டு 4ஜியோ 2025 செப்டம்பர் 27 அன்றுதான் நாடளாவிய அளவில் துவக்கப்பட்டது. குறைந்த விலை உண்டு; வேகம் உங்கள் ஊரில் வந்துவிட்டதா என்று அளந்துதான் சொல்ல வேண்டும்.

எப்படி அளப்பது? டிராய் ஆணையத்தின் 'மைஸ்பீட்' செயலி இலவசம். நான்கு சிம் உள்ள நான்கு தோழர்கள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நில்லுங்கள். எல்லாம் ஒரே தர போனாக இருக்கட்டும். 4ஜி போனை 5ஜி போனோடு ஒப்பிட்டால் கணக்குத் தப்பு. வேலைத்தளம், ஆலை, வீடு மூன்றிலும், காலையும் இரவும், ஒரு வாரம் குறித்து வையுங்கள். சோதனையும் டேட்டாவைத் தின்னும், கவனம். முக்கியமாக, இறங்கும் வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள். விளம்பரம் பேசுவது அதை. வருகைப் படம் போவதோ ஏற்றும் வேகத்தில்!

கணக்கு கையில் வந்தபின் கம்பெனியிடம் புகார் கொடுங்கள். திருந்தாவிட்டால் 1900க்கு செய்தி அனுப்பி, நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்றலாம். ஒருவர் முணுமுணுத்தால் அது குறை. ஊரே கணக்கோடு போய் நின்றால் அது கோரிக்கை. நோட்டும் பென்சிலும் எடுங்கள், தோழர்களே!