கார் பார்த்துக்கொள்ளும் என்றால் மனம் என்ன செய்யும்?



தீபாவளிக்கு முதல் நாள். கோலாலம்பூரிலிருந்து பினாங்கை நோக்கி ஒரு குடும்பம் புறப்படுகிறது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறியதும் வாகனமோட்டி ஒரு பொத்தானை அழுத்துகிறார். முன்னால் போகும் காருக்கு ஏற்ப, கார் தானே வேகத்தைக் கூட்டுகிறது, குறைக்கிறது. கோட்டைத் தாண்டப் போனால் ஸ்டியரிங்கை மெல்லத் திருத்துகிறது. ஒரு காலத்தில் விலையுயர்ந்த கார்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த இந்த வசதி, 2021-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த பெரோடுவா மைவியின் உயர் ரகத்திலும் இடம்பெற்றது.

வலது காலுக்கு ஓய்வு. அதில் சந்தேகமே இல்லை. ஆனால், தலைக்குள் என்ன நடக்கிறது?

இந்தக் கேள்வியைத் தம் முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர் மார்க் யங். இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் 1990-களின் பிற்பகுதியில் அந்த ஆய்வு நடந்தது. மனிதனின் கவனம் ஒரு தண்ணீர்த் தொட்டி மாதிரி என்பதுதான் அதற்கு முன் பரவலாக இருந்த எண்ணம். காரோட்டுவதற்குக் கொஞ்சம் செலவானால் மீதி தொட்டியில் இருக்கும். ஆபத்து வந்தால் அள்ளிக்கொள்ளலாம். அப்படியானால் வேலை குறையக் குறைய நல்லதுதானே?

யங் ஆட்களை அழைத்து, கண்முன்னே திரையில் சாலை ஓடும் சிமுலேட்டரில் உட்கார வைத்தார். ஒருமுறை எல்லாவற்றையும் அவர்களே செய்ய வேண்டும். அடுத்து வேகத்தை மட்டும் கார் பார்த்துக்கொள்ளும். பிறகு ஸ்டியரிங்கை மட்டும். கடைசியில் இரண்டையுமே. இதற்கிடையே திரையின் ஓரத்தில் இரண்டிரண்டாக உருவங்கள் தோன்றும். ஒன்று திரும்பியிருக்கும். இரண்டும் ஒன்றா, வேறா என்று நேரம் கிடைக்கும்போது பதில் சொல்ல வேண்டும். அவர்கள் எவ்வளவு நேரம் அந்த ஓரத்தைப் பார்த்தார்கள் என்பதும் கணக்கிடப்பட்டது.

கார் அதிக வேலையை ஏற்றபோது, சரியான பதில்கள் கூடின. நேரம் மிச்சமானதால் அது எதிர்பார்த்ததே. ஆனால் அந்தப் பதில்களுக்காக அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அதைவிட அதிகமாகக் கூடியிருந்தது. ஓய்வாக இருந்தவரின் மூளை ஒவ்வொரு பதிலுக்கும் கூடுதல் நேரம் எடுத்தது!

யங்கும் அவருடைய வழிகாட்டி பேராசிரியர் நெவில் ஸ்டான்டனும் 2002-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். தொட்டியில் மீதித் தண்ணீர் காத்திருப்பதில்லை. வேலை குறைந்தால் தொட்டியே சுருங்கிவிடுகிறது. திடீரென்று ஆபத்து வரும்போது சுருங்கிய தொட்டியோடுதான் வாகனமோட்டி அதைச் சந்திக்கிறார்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மோதப் போகும்போது மட்டும் தானே பிரேக் போடும் வசதி வேறு வகை. அது மற்ற நேரமெல்லாம் ஒதுங்கியிருக்கும்; ஓட்டுகிறவர் ஓட்டிக்கொண்டேதான் இருக்கிறார். சிக்கல், ஓட்டுநரைக் கண்காணிப்பாளராக மாற்றும் வசதியில்தான். ஒன்றுமே நடக்காத காட்சியைப் பார்த்துக்கொண்டே இருப்பது மனிதனுக்கு மிகவும் கடினம். இரண்டாம் உலகப் போரின் ராடார் காவலர்களை முன்னிட்டு நார்மன் மேக்வொர்த் செய்த சோதனைகளில், அரை மணி நேரத்திலேயே கவனம் சரிந்தது தெரியவந்தது. அவர் அதை வெளியிட்டது 1948-இல்.

2016 மே மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், தானியங்கி உதவியுடன் ஓடிய டெஸ்லா கார் ஒன்று சாலையைக் குறுக்கே கடந்த லாரியில் மோதி, காரோட்டி மாண்டார். லாரி வழிவிடத் தவறியதும் ஒரு காரணம் என்றது அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அந்தப் பயணத்தில் 37 நிமிடம் தானியங்கி உதவி இயங்கியது. அதில் ஸ்டியரிங்கில் கை இருப்பதைக் கார் உணர்ந்தது மொத்தம் 25 விநாடி மட்டுமே. கவனமில்லாத ஆள் என்று சொல்லிவிடுவது சுலபம். யங்கின் சோதனைக்கு வந்தவர்களும் அப்படிப்பட்டவர்களா என்ன?

அதே சவுத்தாம்டனில், அதே ஸ்டான்டனிடம் பின்னாளில் முனைவர் பட்டத்துக்கு வந்தவர் அலெக்சாண்டர் எரிக்சன். சுருங்கிய கவனத்தோடு இருப்பவரிடம் காரைத் திருப்பிக் கொடுத்தால், எடுத்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? 26 பேரை சிமுலேட்டரில் அமர்த்தினார். மணிக்கு 113 கிலோமீட்டர் வேகம். ஒரு சுற்றில் சும்மா இருக்கலாம், இன்னொரு சுற்றில் ஏதாவது படிக்க வேண்டும். ஆபத்து எதுவும் இல்லை. பொறுப்பை ஏற்கும்படி கார் கேட்கும், அவ்வளவுதான்.

2017-இல் வெளியான முடிவு இது: மிக வேகமானவருக்கு 1.9 விநாடி, மிகத் தாமதமானவருக்கு 25.7 விநாடி. அந்த வேகத்தில் 25.7 விநாடி என்பது சுமார் 800 மீட்டர்! அவசரம் இல்லாததால் நிதானமாக எடுத்துக்கொண்டார்கள் என்பது உண்மை. ஆனால் எரிக்சன் கவனித்தது வேறு. அதுவரை வந்த ஆய்வுகள் பெரும்பாலும் சராசரியைச் சொல்லி வந்தன. சராசரி மனிதர் என்று ஒருவர் காரோட்டுவதில்லை. வேகமானவரும் மெதுவானவரும் ஒரே சாலையில்தான் போகிறார்கள்.

தடத்தையும் வேகத்தையும் முழுமையாகத் தானே பார்த்துக்கொள்ளும் கார்களுக்கு ஐக்கிய நாட்டு விதி ஒன்று 2021 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. பொறுப்பை ஏற்கச் சொல்லியும் காரோட்டி ஏற்காவிட்டால், குறைந்தது 10 விநாடி காத்திருந்த பிறகே கார் தானே வேகம் குறைத்து நிற்கத் தொடங்கலாம் என்கிறது அது. எரிக்சனின் சிமுலேட்டரில் இருந்த அந்த மிகத் தாமதமான மனிதருக்கு, அப்போதும் இன்னும் பதினைந்து விநாடிக்கு மேல் தேவைப்பட்டிருக்கும்.