பிள்ளை பேசட்டும், நாம் கேட்போம்!

(மும்பை தாராவியில், நம் சங்கத்தின் மாலை வகுப்புப் பிள்ளைகளுடைய பெற்றோர் கூட்டத்தில், ரயில்வே எழுத்தரான சங்கச் செயற்குழுத் தோழர் ஆற்றிய உரை.)



ஜூலை 15, காமராசர் பிறந்த நாள். அதையொட்டிப் பள்ளியில் பேச்சுப் போட்டி வைக்கிறார்கள். மூன்றாவதும் நான்காவதும் படிக்கிற நம் பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். "எங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, சங்கத்திலேயே ஒரு பேச்சு எழுதிக் கொடுங்கள்" என்று தாய்மார்கள் பலர் கேட்டிருக்கிறீர்கள். எழுதிக் கொடுக்க மாட்டோம் என்று சொல்லத்தான் இங்கே நிற்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

எழுதிக் கொடுத்த பேச்சு எப்படி இருக்கும்? "கல்விக் கண் திறந்த கர்மவீரர்" என்று பிள்ளை முழங்கும். நாமும் கை தட்டுவோம். மேடையை விட்டு இறங்கியதும், "கர்மவீரர் என்றால் என்ன கண்ணு?" என்று கேட்டுப் பாருங்கள், திருதிருவென்று விழிக்கும். மனப்பாடத்தில் ஒரு சொல் தவறினால் போதும், அடுத்த சொல் வராது. பிள்ளை அழுதுகொண்டே இறங்கும். கைப்பேசியில் யாரோ பேசியதைப் பார்த்து, அதே கையாட்டலோடு ஒப்பிக்கிற பிள்ளைக்கும் இதே கதிதான். அது பிள்ளையின் பேச்சு அல்ல, இரவல் சட்டை.

இது பரிசுக் கோப்பையோடு முடிகிற விஷயமும் அல்ல, தோழர்களே. நான் டிக்கெட் கவுண்டருக்குள் உட்கார்ந்து பார்க்கிறவன். மூட்டை தூக்குகிற தோள், தோல் பதனிடுகிற கை, ஊரையே தாங்குகிற மனிதன், ஜன்னலுக்கு முன்னால் வந்ததும் "சாப்" என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடுகிறான். ரேஷன் அலுவலகத்திலும் அப்படித்தான், ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். இந்தியும் மராத்தியும் தெரியாதது பாதிக் காரணம். நம் சொல்லுக்குக் காது கொடுக்க ஆள் உண்டு என்ற தைரியம் சின்ன வயதிலேயே கிடைக்காமல் போனது மறு பாதி. அந்த மறு பாதியை நம் பிள்ளைக்குக் கொடுக்க எழுத்தறிவு வேண்டியதில்லை. காது இருந்தால் போதும்.

எப்படிச் செய்வது? கேள்வியிலிருந்து தொடங்குங்கள். "ஏல, மத்தியானம் பள்ளிக்கூடத்துல என்ன சாப்பிட்ட?" என்று கேளுங்கள். "கிச்சடி" என்பான். "அதை ஏன் கொடுக்கிறாங்க? இல்லேன்னா என்ன ஆகும்?" என்று கேளுங்கள். பசித்தால் பாடம் ஏறாது என்று அவனே சொல்வான். பேச்சின் முதல் பகுதி கிடைத்துவிட்டது!

இதற்கு மேல் வேண்டிய வரலாற்றை மாலை வகுப்பில் நாங்கள் சொல்லித் தருகிறோம். 1920 இல், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுத்தது. 1954 இல் முதலமைச்சரான காமராசர், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். அவர்தான் குலக்கல்வித் திட்டத்தைக் கைவிட்டார். 1956 இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2001 நவம்பர் 28 அன்று, நாடு முழுவதும் அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இன்று மும்பையில் நம் பிள்ளையின் தட்டில் விழுகிற கிச்சடிக்குப் பின்னால் இவ்வளவு நீண்ட கதை இருக்கிறது. அது பிச்சை அல்ல, உரிமை. இதைப் புரிந்துகொண்ட பிள்ளை காமராசரைப் பற்றிப் பேசினால் அதில் உயிர் இருக்கும்.

இனிப் பயிற்சி. மூன்று நிமிடப் பேச்சுக்கு மூன்று செய்திகள் போதும்: என் தட்டு, காமராசர் செய்தது, இன்னும் செய்ய வேண்டியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். மறந்து போனால் விரலைப் பார்த்து அடுத்த செய்திக்குப் போகலாம். தலைவர், நடுவர், ஆசிரியர் என்று நீட்டி நீட்டி வணக்கம் சொல்ல வேண்டாம். "அவையோர்க்கு வணக்கம்" என்றால் போதும்.

பிள்ளையைச் சந்தின் ஒரு முனையில் நிறுத்துங்கள். நீங்கள் மறு முனையில் நில்லுங்கள். தையல் மிஷின் சத்தத்தையும் தாண்டிச் சொல் உங்களுக்குக் கேட்க வேண்டும். கத்தக் கூடாது. நிறுத்தி, வாயைத் திறந்து பேசினால் கேட்கும். 'ழ' வராவிட்டால் 'மழை', 'பழம்', 'வாழை' என்று தினம் பத்து முறை சொல்லிப் பழகட்டும். நடுவில் ஓர் இந்திச் சொல் விழுந்தால் சிரிக்காதீர்கள். தமிழ்ச் சொல்லை மெதுவாக எடுத்துக் கொடுங்கள். சிரித்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும், அடித்தால் மேடையையே வெறுக்கும்.

விடிகாலையில் இட்லி அவித்து விற்கப் போகிற தாய்க்கு நேரம் ஏது என்று கேட்பீர்கள். மாவு ஆட்டும்போது பிள்ளை எதிரில் நின்று பேசட்டும். நீங்கள் "ம்" கொட்டினாலே போதும்.

இன்னொன்று. பையன் பேசட்டும், பாப்பா தம்பியைப் பார்த்துக்கொள்ளட்டும் என்ற வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. இதை ஒழிக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் புனேயைப் பாருங்கள். பூலே இணையரின் பள்ளியில் படித்த முக்தா சால்வே என்ற 14 வயதுச் சிறுமி, தன் மாங்கு சாதியாரும் மகர்களும் படும் துயரத்தைக் கட்டுரையாக எழுதினாள். 1855 இல் 'ஞானோதய' இதழ் அதை வெளியிட்டது. அவள் எழுதியது தான் கண்ட துயரத்தை. அதனால்தான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் அவளைப் பற்றிப் பேசுகிறோம்.

பரிசு ஒருவருக்குத்தான் கிடைக்கும். கிடைக்காத பிள்ளையிடம், "ஏன் தோற்றாய்?" என்று கேட்காதீர்கள். "என்ன பேசினாய், எனக்கு ஒரு தரம் சொல்லு" என்று கேளுங்கள். நாளைக்கு வேலைத் தலத்தில் கூலி குறைந்தால், "ஏன் குறைந்தது?" என்று நிமிர்ந்து கேட்கப் போகிறவன் அவன்தான். வார்டு அலுவலகத்தில் தண்ணீர்க் குழாய்க்காக வாதாடப் போகிறவள் அவள்தான்.

ஆகவே, பேச்சு எழுதிய தாளைக் கேட்டுச் சங்கத்துக்கு வராதீர்கள், பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள். ஞாயிறு மாலை நாங்கள் உட்கார்ந்து கேட்கிறோம். மற்ற ஆறு நாளும் நீங்கள் கேளுங்கள்.