முந்நூறு என்னும் விடை

திருமணத்திற்கு வாழ்த்துத் தந்தி அடித்தவர்கள் இவ்வவையில் பலர் இருப்பீர்கள். முழு வாக்கியம் எழுத வேண்டுவதில்லை. பட்டியலில் உள்ள எண்ணைக் குறித்தால் போதும். கம்பி வழியே சென்றது எண். மணமக்கள் கையில் சேர்ந்ததோ வாழ்த்து. 2013 ஜூலையில் தந்திப் பணி நின்றது. ஆயினும் அம்முறை கணினிக்குள் இன்றும் வாழ்கிறது.

கணினி நிரல்கள் பொதுவான நிரல் நூலகங்களின் துணைகொண்டே இயங்குகின்றன. ஏவிய வேலை முடியாதபோது நூலகம் காரணத்தை எண்ணாகவே திருப்பித் தருகிறது. லினக்ஸில் 2 எனில் அத்தகைய கோப்பு இல்லை. 13 எனில் அனுமதி இல்லை. எண்ணைச் சொல்லாக்கச் சி மொழியில் ‘ஸ்டிரெரர்’ என்னும் செயற்கூறே உண்டு. வாக்கியங்களை மொழிவாரியாகத் தனிக் கோப்பில் வைத்தால் நிரலைத் தமிழிலும் பேச வைக்கலாம். அதைச் செய்யாதபோதுதான் வாழ்த்துக்குப் பதில் வெறும் எண் வந்து சேர்கிறது.

நம் ஆனைக்கரையையே எண்ணிப் பாருங்கள். ஏலத் தோட்டத்தில் உழைத்து உழைத்து ரேகை தேய்ந்த விரலை ஒரு தாய் ரேஷன் கடைக் கருவியில் வைக்கிறார். ஆதார் சேவையகம் 300 என்று விடை தருகிறது. கருவி அவ்வெண்ணை மட்டும் காட்டினால், பெயரை நீக்கிவிட்டார்களோ, முந்நூறு ரூபாய் பாக்கியோ என்று கலங்கி வெறும் பையுடன் திரும்பமாட்டாரா?

தனித்துவ அடையாள ஆணையத்தின் தொழில்நுட்ப ஆவணத்தில், பொறியாளருக்கான விளக்கம் வேறு, பயனாளரிடம் சொல்லத்தக்க வாசகம் வேறு எனப் பிரித்தே கொடுத்திருக்கிறார்கள். 300க்கு விளக்கம், உயிரியளவுத் தரவு பொருந்தவில்லை என்பது. வாசகமோ, ரேகை சரியாகப் பதியவில்லை என்கிறது. ‘பொருந்தவில்லை’ என்றால் ஆளையே ஐயுறுவதாகும். ‘பதியவில்லை’ என்றால் மீண்டும் விரலை வைக்கத் தோன்றும். 811 வந்தால் எத்தனை முறை அழுத்தியும் பயனில்லை. மையத் தரவகத்தில் ரேகையே இல்லை, பதிவு மையத்திற்குத்தான் போக வேண்டும். 561 எனில் கோரிக்கை காலங்கடந்து சேர்ந்தது; சற்றுப் பொறுத்து முயலலாம். மூன்றுக்கும் மூன்று வழி. இவற்றையெல்லாம் ‘பிழை நேர்ந்தது’ என்று ஒரே வரியில் அடைப்பது சோம்பலன்றி வேறில்லை. எண்ணை அடியோடு மறைத்துவிடவும் கூடாது. பழுது பார்ப்பவருக்கு அது வேண்டும், ஓரத்தில் சிறிதாய் இருக்கட்டும்.

இவ்வாசகங்களைத் தமிழில் எழுத நம் சங்கத்து இளைஞரோடு அமர்ந்தோம். ‘உயிரியளவு’ என்னும் சொல் வேண்டுமென்றனர் சிலர். நல்ல சொல்தான், ஆனால் அரிசிக்கு வரிசையில் நிற்பவருக்கு ‘விரல் ரேகை’ போதாதா? இறுதியில் 300க்கு நாம் எழுதியது இது: “விரல் ரேகை சரியாகப் பதியவில்லை. கையைத் துடைத்து, வேறு விரலை வைத்துப் பாருங்கள்.”