ஏலக் கடிதம் வந்தால்

(மட்டக்களப்பு வாவிக்கரையில் குடியேறிய தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் நாங்கள் பேசியது)



லயத்தை யாரும் ஈடு வைக்க முடியாது. அது நம்ம பெயரில் இல்லை. 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து இறங்கி வந்து, இங்கே காணி எழுதி வாங்கியவர்களிடம் உறுதி இருக்கிறது. அதைக் கொடுத்து வங்கியில் கடன் எடுக்கலாம். அதனாலேயே வீடு போகவும் கூடும்.

ஈட்டுக் கடனை அறவிட சாதாரணமாக வழக்குப் போடணும். அது வருடக்கணக்கில் இழுக்கும். கொடுத்தது ஊர்ச் சனத்தின் வைப்புப் பணம் என்பது வங்கியின் நியாயம். அதனால் 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம், வழக்கில்லாமல் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தோடு ஏலம் விட வங்கிகளுக்கு இடம் கொடுத்தது. 'பராட்டே' என்று சொல்வது இதைத்தான். தீர்மானம் வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் வரணும். பிரதி கடனாளிக்கும் வரணும்.

2011 இல் ஒரு திருத்தம் வந்தது. நிலுவையான முதல் 50 இலட்சத்துக்குக் குறைவென்றால் இந்தக் குறுக்குவழி கிடையாது, வழக்குத்தான். வட்டியும் தண்டவட்டியும் அந்தக் கணக்கில் சேராது. நம்ம கடன்கள் பெரும்பாலும் அதற்குள்ளேதான். ஆகவே "நாளைக்கே ஏலம்" என்று யாராவது வாசலில் நின்று மிரட்டினா பதறாதீங்க. எந்தச் சட்டப்படி என்று எழுத்தில் கேளுங்க. ஆனா நீதிமன்ற அழைப்பாணையைக் கூரையில் செருகி வைக்காதீங்க. போகாவிட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகிவிடும்.

பராட்டே ஏலமே வந்தாலும், விற்குமுன் நிலுவையையும் செலவையும் கட்டினால் விற்பனை நிற்கும். விற்றுவிட்டால், கடன் போக மிஞ்சுவது உங்கள் காசு. கேட்டு வாங்குங்க.