அம்பாசிடரின் கை கியரை இடம் மாற்றலாமா?

திருவண்ணாமலையில் வேங்கிக்கால் வழியாக வேலூர் சாலையில் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். எங்காவது ஒரு பட்டறையில் பழைய அம்பாசிடரோ பத்மினியோ பானெட்டைத் திறந்தபடி நிற்கும். அம்பாசிடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் தாத்தா ஓட்டிய வண்டி என்று அதை விட மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் நம் ஊரில் நிறைய. அப்படி வைத்திருக்கிற பிள்ளைகள் மெக்கானிக்கிடம் முதலில் கேட்பது பெயின்டைப் பற்றியல்ல. "அண்ணா, இந்தக் கை கியரை எடுத்துட்டு ஃப்ளோர் கியர் வெச்சுடலாமா? டேஷ்போர்டு நடுவுல இருக்கற மீட்டரை ஸ்டியரிங்குக்கு நேரா கொண்டுவந்துடலாமா?" என்றுதான் கேட்கிறார்கள்.

பட்டறையில் இதற்கு முடியும், முடியாது என்று பதில் கிடைத்துவிடும். சட்டத்தில் இதற்கு என்ன பதில் என்பதை யாரும் கேட்பதில்லை. இன்று அதைத்தான் பேசப்போகிறேன்.

கை கியரின் தொல்லை உண்மையானது, அதை மறுக்க முடியாது. ஸ்டியரிங் தண்டோடு ஒட்டியிருக்கும் அந்தக் கம்பி, பானெட்டுக்குள் இறங்கி, இரண்டு மூன்று இணைப்புகள் வழியாகத்தான் கியர் பாக்ஸைப் போய்ச் சேருகிறது. அந்த இணைப்புகளில் இருக்கும் புஷ் தேய்ந்தால் கியர் நடுவழியில் மாட்டிக்கொள்ளும். கிரிவலப் பாதையில், பௌர்ணமி கூட்டத்துக்கு நடுவே, ஓட்டுநர் இறங்கி பானெட்டைத் திறந்து கையால் இணைப்பை ஆட்டி விடுவித்த காட்சி பழைய டாக்ஸிக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். 1990-களில் இசுசு எஞ்சினோடு வந்த 1800 ஐ.எஸ்.இசட். மாடலில் கம்பெனியே ஐந்து கியரைத் தரையில் வைத்துக் கொடுத்தது. கம்பெனியே செய்ததை நாம் செய்தால் என்ன தப்பு என்று தோன்றுவது இயல்பு.

சட்டம் அந்த வாதத்தை ஏற்காது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்வது இதுதான்: தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கும் முரண்பாடு வரும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. அந்த மாடலில் பின்னாளில் என்ன வந்தது என்பது கணக்கில் வராது, உங்கள் வண்டி எப்படி வந்தது என்பதே கணக்கு. 2019 ஜனவரி 9 அன்று, கேரளாவிலிருந்து மேல்முறையீடாக வந்த ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. தயாரிப்பாளரின் மூல வடிவத்தை மாற்றும் வேலைக்கு அனுமதி இல்லை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

அப்படியானால் ஒரு ஸ்விட்சை இடம் மாற்றினாலும் குற்றமா? அதே 52-ஆவது பிரிவில் ஒரு விளக்கம் இருக்கிறது. வண்டியின் அமைப்பில் செய்யப்படும் மாறுதல் அதன் அடிப்படைத் தன்மையை மாற்றினால்தான் அது சட்டத்தின் பார்வையில் மாறுதல். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே ஒவ்வொரு வேலையையும் எடைபோட வேண்டியிருக்கிறது.

பழைய அம்பாசிடரில் ஹெட்லைட் டிம், பிரைட் மாற்றும் டிப்பர் ஸ்விட்ச் கிளட்ச் பக்கத்தில் தரையில் இருக்கும். காலால் அழுத்த வேண்டும். அதைக் கையால் இயக்கும்படி ஸ்டியரிங் பக்கம் கொண்டுவந்தால் வண்டியின் அடிப்படை மாறிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஹாரன் பட்டன், வைப்பர் ஸ்விட்ச், இண்டிகேட்டர் நெம்புகோல் எல்லாம் இந்த வகைதான். இடம் மாறினாலும் அவை வேலை செய்தாக வேண்டும் என்பதே மத்திய மோட்டார் வாகன விதிகளின் கவலை. வேகமானியைப் பற்றி 117-ஆவது விதி பேசுகிறது. வண்டியின் வேகத்தை ஓட்டுநருக்குக் காட்டும்படி அது பொருத்தப்பட்டிருக்க வேண்டும். நடுவில் இருக்கும் மீட்டரை ஓட்டுநருக்கு நேராகக் கொண்டுவருவது அந்த விதிக்கு எதிரானதல்ல. எதிரானது வேறு: அழகுக்காக மீட்டரைக் கழற்றி, கேபிளைத் தொங்கவிட்டு, ஒரு ஸ்பீக்கரை அந்த ஓட்டையில் வைப்பது.

கை கியரைத் தரைக்கு இறக்குவது இந்த வகையில் சேராது என்பது என் கருத்து. ஆர்.சி. புத்தகத்தில் கியர் நெம்புகோல் எங்கே இருக்கிறது என்று எழுதியிருக்காது. அதனால் பிரச்சினை இல்லை என்று சில பட்டறைகளில் சொல்வார்கள். ஆனால் அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். அம்பாசிடருக்கு லாரிபோலத் தனியாக ஒரு சேஸி சட்டம் கிடையாது. தரைத் தகடும் பாடியும் சேர்ந்துதான் வண்டியின் முதுகெலும்பு. டிங்கர் அந்தத் தரையில், நடுவில் மேடாக ஓடும் பகுதியை வெட்டித்தான் நெம்புகோலுக்கு வழி விடுகிறார். வேறு கியர் பாக்ஸ் வைத்தால் அதைத் தாங்கப் புதிய தாங்கி வெல்ட் செய்ய வேண்டும். முன்னால் மூன்று பேர் உட்காரும் நீளமான பெஞ்ச் சீட்டுக்கும் நெம்புகோல் இடைஞ்சல். அதை எடுத்துவிட்டுத் தனித்தனி சீட் போட்டு, இருக்கை எண்ணிக்கை மாறினால், அது ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கிற விவரம். அங்கே 52-ஆவது பிரிவுக்குள் நேராகவே வந்து நிற்கிறீர்கள்.

தண்டனையும் சிறியதல்ல. 2019-இல் வந்த திருத்தத்தில் 182ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத மாறுதல் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஸ்டியரிங்கையே இடமிருந்து வலம் மாற்றுவது இதைவிடப் பெரிய வேலை. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய கார்களில் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். நம் சாலைக்கு வசதியாக அதை வலப்பக்கம் மாற்றச் சிலர் துடிப்பார்கள். ஆனால் இடப்பக்க ஸ்டியரிங்கை நம் சட்டம் முழுவதுமாகத் தடை செய்யவில்லை. வேலை செய்யும் நிலையில், விதிப்படியான சைகைக் கருவி இருந்தால் ஓட்டலாம் என்கிறது 120-ஆவது பிரிவு. இந்த ஒரு பிரிவு தெரியாமல் எத்தனை நல்ல வண்டிகள் வெட்டுப்பட்டிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது.

ஸ்டியரிங் தண்டு உயிர் சம்பந்தப்பட்டது. பழைய கார்களில் அது முன்பக்கத்திலிருந்து நேராக ஓட்டுநரின் நெஞ்சை நோக்கி வரும் ஒரே இரும்புத் தண்டு. நேருக்கு நேர் மோதினால் அது பின்னால் தள்ளிக்கொண்டு வரும். அமெரிக்காவில் 1968-இல் நடைமுறைக்கு வந்த விதி, மணிக்கு 30 மைல் வேகத்தில் சுவரில் மோதவிடும் சோதனையில் அந்தத் தண்டு 5 அங்குலத்துக்கு மேல் பின்னால் வரக்கூடாது என்றது. மோதினால் மடங்கிக்கொள்ளும் தண்டுகள் பரவலானது அதையொட்டித்தான். பழைய தண்டை வெட்டி நீளத்தைக் குறைப்பதும், வெல்ட் வைத்துச் சாய்வை மாற்றுவதும் எப்பேர்ப்பட்ட ஆபத்து என்பதை இனி நீங்களே யோசிக்கலாம். நம் 98-ஆவது விதி, ஸ்டியரிங் வீலில் 30 டிகிரிக்கு மேல் பிளே இருக்கக் கூடாது என்கிறது. எஃப்.சி.க்குப் போகும்போது மோட்டார் வாகன ஆய்வாளர், அதாவது நாம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்பவர், வீலை ஆட்டிப் பார்ப்பது இதற்காகத்தான்.

ஐம்பது வருடம் கடந்த வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனி விதிகள் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுக்கு மேலானவை, மூல வடிவில் பேணப்பட்டவை, அந்த விதிகளின்படியான பதிவுக்கு உரியவை. புதிதாகப் பதியும் வண்டியின் எண் பலகையில் மாநில எழுத்துக்குப் பிறகு வி.ஏ. என்று வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு மறுபதிவுக்கு 5,000 ரூபாய். அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டும் எடுக்கலாம். சேஸியிலோ பாடியிலோ எஞ்சினிலோ மாறுதல் செய்திருந்தால் இந்தப் பதிவு கிடைக்காது. கியருக்காகத் தரையை வெட்டியவர் இந்த வாய்ப்பையும் சேர்த்தே வெட்டிக்கொள்கிறார்.

ஆனால் கட்டுப்பாடுகளை இடம் மாற்றச் சட்டமே வழிவிட்ட இடம் ஒன்று உண்டு. பலருக்கு இது தெரியாததால் சற்று விரிவாகவே சொல்கிறேன். காலில் வலு இல்லாதவர் ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் கையால் இயக்கும்படி ஸ்டியரிங் பக்கத்தில் நெம்புகோலாக மாற்றிக்கொள்ளலாம். மாற்றுத்திறனாளிக்கு ஏற்றபடி தகவமைத்த வாகனமாகத் தன் வண்டியை மாற்றிக்கொள்ள 52-ஆவது பிரிவே அனுமதிக்கிறது. வேலையை முடித்த பிறகு பதிவு அதிகாரியின் ஒப்புதலைப் பெறலாம், விதித்த நிபந்தனைகளுக்கு அது உட்பட்டிருந்தால் போதும். ஓட்டுநர் உரிமத்திலும் தகவமைத்த வாகனத்துக்குத் தனி வகை இருக்கிறது. வீட்டில் அப்படி ஒரு அக்காவோ தம்பியோ இருந்து, "உன்னால கார் ஓட்ட முடியாது" என்று யாராவது சொல்லியிருந்தால், தயவுசெய்து இந்தச் செய்தியை அவர்களிடம் சேர்த்துவிடுங்கள். இது சலுகையல்ல, அவர்களுக்கு உரிமையாக எழுதி வைக்கப்பட்டது.

மற்றவர்கள் செய்ய வேண்டியது: வெல்டிங்கோ வெட்டோ தேவைப்படும் எந்த வேலைக்கும் முன்னால் நம் ஊரின் டி.என். 25 வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாக விண்ணப்பியுங்கள். ஒப்புதல் கிடைத்து வேலை முடிந்தால் 14 நாளுக்குள் தெரிவித்து, ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும். வண்டி கடனில் இருந்தால் நிதி நிறுவனத்தின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் கடிதம் கொடுத்துவிடுங்கள். சொல்லாமல் செய்த மாறுதல், விபத்து நடந்த பிறகு இழப்பீட்டுத் தகராறாக வந்து நிற்கும்.

ஸ்விட்ச் மாதிரிச் சின்ன வேலை என்றால், டேஷ்போர்டில் புதிய ஓட்டை போடாமல், பழைய ஓட்டையிலேயே தகடு வைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். கழற்றிய டிப்பர் ஸ்விட்சையும் மீட்டரையும் பையில் போட்டு டிக்கியிலேயே வைத்திருங்கள். பில்லையும் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒரே உறையில் வையுங்கள். வண்டியை விற்கும்போது அந்த உறையையும் வாங்குபவர் கையில் கொடுத்துவிடுங்கள்.